நாள்தோறும் நடப்பவர் தரையிலிருந்து எழச் சிரமப்படுவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் காலை நடையின் நன்மைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாராட்டைவிடக் குறைகளே அதிகம். அவை நியாயமான குறைகளும்கூட. நடக்கிறோம், ஆனாலும் உடம்பில் வலு இல்லை என்பதே பலருடைய முறையீடு. நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நான் தசையின் வலுவைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டேன். பிசியோதெரபிஸ்டாக இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை செய்பவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது. இம்முறை அந்தப் பாக்கியைத் தீர்க்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 66. ஆறு ஆண்டுகளாக நாள் தவறாமல் நாற்பது நிமிடம் நடக்கிறேன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் கோயிலில் பஜனைக்குத் தரையில் உட்கார்ந்தால், எழும்போது தூணையோ பக்கத்தில் இருப்பவரின் தோளையோ பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை நடந்தும் ஏன் இப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, உங்கள் நடை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் நல்ல நிலையில் இருப்பதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தரையிலிருந்து எழுவது வேறு வகையான வேலை. சமதரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை தன் திறனில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது; அந்தச் சிறு பங்கைத்தான் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செலவிடுகிறது. எழும்போதோ முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும் நிலையில், உடலின் எடை ஏறக்குறைய முழுவதையும் இரண்டு மூன்று நொடிகளுக்குள் மேலே தூக்கியாக வேண்டும். முன்னது தாக்குப்பிடிக்கும் திறன், பின்னது வலு. ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை.

இதற்கான காரணம் தசை நார்களில் இருக்கிறது. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் நார்கள் ஒரு வகை. வேகமாகச் சுருங்கிப் பெரும் விசையைத் தந்து சீக்கிரமே களைத்துப்போகும் நார்கள் இன்னொரு வகை. நம் நரம்பு மண்டலம் சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது. சிறிய சுமைக்கு முதல் வகை நார்களை மட்டுமே வேலைக்கு அழைக்கும். சுமை கனக்கும்போதுதான், அல்லது அசைவு மிக விரைவாக இருக்கும்போதுதான், இரண்டாம் வகையை எழுப்பும். வயது ஏற ஏற அதிகமாக மெலிவது இந்த இரண்டாம் வகையே. நீங்கள் ஆறு ஆண்டுகள் நடந்த நடையில் அவற்றுக்கு அழைப்பே போகவில்லை. அழைக்கப்படாத நாரை உடல் வீணாக வைத்துப் பராமரிப்பதில்லை.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 விழுக்காடு வரை தசையின் அளவு குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. வலு குறையும் வேகமோ அளவு குறையும் வேகத்தையும் மிஞ்சிவிடும். இந்தத் தேய்வுக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதைக் குறைவு என்பதே அதன் பொருள். பெயர் வைக்கும் வரை இதை எல்லோரும் 'வயதானால் அப்படித்தான்' என்ற இரண்டு சொற்களில் அடக்கி வைத்திருந்தார்கள். நோயாளிகளிடம் நான் அதிகம் சண்டை போடுவது அந்த இரண்டு சொற்களோடுதான்.

உங்கள் நிலையை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, முப்பது நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண்களில் 12க்குக் குறைந்தாலும், பெண்களில் 11க்குக் குறைந்தாலும், கால்களின் வலு வயதுக்கு உரிய அளவைவிடக் குறைவு என்றும், விழும் அபாயம் உண்டு என்றும் கொள்ளலாம்.

அளவுகோலாக இருக்கும் இதுவே மருந்தாகவும் ஆகும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி விட்டு, நாற்காலியிலிருந்து எட்டு முதல் பத்து முறை மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். இரண்டு நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். பத்தும் சுலபமாக முடிந்துவிட்டால் அன்று தசைக்கு நீங்கள் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை என்று பொருள். சுலபமாகிவிட்ட பிறகு இன்னும் தாழ்வான இருக்கைக்கு மாறுங்கள், அதன் பிறகு மார்போடு இரண்டு கிலோ அரிசியை அணைத்துக்கொண்டு எழுங்கள். முதல் நான்கைந்து வாரங்களில் தசை பருத்ததாகத் தெரியாது, ஆனால் எழுவது எளிதாகியிருக்கும். தூங்கிக் கிடந்த நார்களை எழுப்ப நரம்புகள் கற்றுக்கொள்வதால் வரும் முன்னேற்றம் அது. தசை வளர்வது அதற்குப் பிறகுதான். ஆறாவது வாரத்திலிருந்து தரையில் அமர்ந்து எழுவதையே பழகுங்கள்: ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலின் பாதத்தைத் தரையில் பதித்து, பக்கத்தில் நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டு. தூணுக்குத் தேவை இருக்காது என்று உறுதி தர மாட்டேன். அடுத்தவர் தோள் தப்பிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: உடல்நலப் பரிசோதனைக்குப் போன இடத்தில் என் கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கைப்பிடிக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்தக் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். நம் தென்னாப்பிரிக்கா உட்பட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையிலான ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, பின்னர் அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' என்ற ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. கைப்பிடி வலு 5 கிலோ குறைவாக இருந்த ஒவ்வொரு படிக்கும் அந்தக் காலத்துக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பை முன்கூட்டிக் காட்டுவதில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிட இந்தக் கைப்பிடி எண் கூர்மையாக இருந்ததுதான் மருத்துவர்களையே வியக்க வைத்தது.

இதைப் படித்துவிட்டு ரப்பர் பந்தை வாங்கி நாள் முழுவதும் பிசைந்துகொண்டிருக்க வேண்டாம். கைப்பிடி வலு என்பது உடல் முழுவதிலும் உள்ள தசையின் நிலையைக் காட்டும் சாளரம். நோய், ஊட்டக்குறைவு, நீண்ட நாள் படுக்கை, அசைவற்ற வாழ்க்கை ஆகிய எல்லாம் அதில் தெரியும். சாளரத்தைத் துடைத்தால் வீடு சுத்தமாகிவிடாது. கால், இடுப்பு, முதுகு ஆகிய பெரிய தசைகளுக்கு வேலை கொடுத்தால் அதன் பலன் கைப்பிடியிலும் ஓரளவு தெரியவரும்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை வேலை. சமையல், துணி, பேரப்பிள்ளைகள், தோட்டம். இதற்கு மேல் தனியாக உடற்பயிற்சி வேறு செய்ய வேண்டுமா? டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.
– இல்லத்தரசி, டோங்காட்

பதில்: அம்மா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். நீங்கள் செய்யும் வேலையும் இயக்கமே, அதற்குக் கணக்கு உண்டு. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, வேறுபாடு படிக்கட்டுதான். அந்த நடத்துநர்கள் எவரும் ஜிம்முக்குப் போனதற்காக ஆய்வில் சேர்க்கப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் பயிற்சி என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது; சிறு சிறு துணுக்குகளும் சேரும். மூச்சு சற்று வேகமாகும்படியான அசைவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும் என்கிறது அது. மண்வெட்டி பிடித்துத் தோட்ட வேலை செய்யும் நீங்கள் அதை எட்டியிருக்கக்கூடும்.

மறுபாதிக்கு வருகிறேன். அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்றும் தனியாகச் சொல்கிறது. வீட்டு வேலையின் சுமை பல ஆண்டுகளாக ஒரே அளவில் இருக்கிறது. நேற்றுத் தூக்கிய குடத்தையே இன்றும் தூக்குகிறோம். உடல் அதற்குப் பழகிய நாளிலிருந்து புதிதாக எதையும் வளர்த்துக்கொள்ளாது. மேலும், வீட்டு வேலையில் களைப்பது பெரும்பாலும் முதுகும் தோளும், உழைக்காமல் இருப்பது தொடையும் இடுப்பும். நாள் முடிவில் உடம்பு வலிக்கிறது என்பதால் உடம்பு முழுவதும் உழைத்துவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நம் முன்னோர் இந்தியாவிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து இறங்கிய பிறகு கரும்புத் தோட்டங்களில் உழைத்ததைச் சொல்லி, 'அவர்களெல்லாம் பயிற்சியா செய்தார்கள்?' என்று இன்னொரு கடிதத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யவில்லைதான். ஆனால் அந்த உழைப்பை நலவாழ்வுக்கு உதாரணமாகக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஓய்வும் போதிய உணவும் மறுக்கப்பட்ட உழைப்பு உடலைத் தேய்த்துவிடும். தசை வளர்வது சுமையைத் தூக்கும்போது அன்று, அதற்குப் பிறகு வரும் உணவிலும் உறக்கத்திலும்தான். ஆகவே உங்களுக்கு, அம்மா, நான் வாரத்தில் இரண்டு முறை கால்மணி நேரம் மட்டுமே கேட்கிறேன். அந்தக் கால்மணி நேரத்துக்குப் பேரப்பிள்ளைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதை உங்கள் வீட்டார் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 84 வயது. மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள், எலும்பு முறியவில்லை. அன்று முதல் பயந்து அவர்களை நடக்க விடாமல் பார்த்துக்கொள்கிறோம். உறவினர் ஒருவர் எடை தூக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார். இந்த வயதில் அது ஆபத்து இல்லையா?
– மகள், ஐசிப்பிங்கோ

பதில்: சகோதரி, நீங்கள் அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இப்போது உங்கள் தாயாருக்குப் பெரிய ஆபத்து அந்த ஓய்விலிருந்துதான் வருகிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. இளைஞர்களும் தப்புவதில்லை. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்க வைத்து, உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனை அளந்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தபோது, அந்த முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது.

உங்கள் உறவினர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பது பேர் பயிற்சியை முடித்தார்கள்; கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது; இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். அவர்கள் தூக்கியது பெயருக்கு வைத்த லேசான எடை இல்லை, தங்களால் தூக்க முடிந்த உச்ச அளவில் எண்பது விழுக்காடு வரை போன எடை. ஆய்வாளர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே இன்றே டம்பெல் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஏன் விழுந்தார்கள் என்பதை மருத்துவர் பார்க்கட்டும்: எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குகிறதா, கண்பார்வை எப்படி, தூக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார்களா, பாதத்தில் உணர்வு இருக்கிறதா. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு ஆகிய மூன்றும் வரட்டும். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஓரிரு முறையாவது வீட்டுக்கு வரவழைத்துத் தொடங்குங்கள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் கைகொடுத்து எழுவது, ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நிற்பது என்று ஆரம்பிக்கலாம். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

உணவையும் கவனியுங்கள். கஞ்சியும் டீயும் ரொட்டியுமாக நாளைக் கடத்தும் முதியவர்களுக்குப் பயிற்சியால் மட்டும் தசை வராது. முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம் (சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை அமாசியில் (புளிக்கவைத்த பால்) ஏறக்குறைய 8 கிராம் கிடைக்கும். பருப்பும், பீன்ஸ் கறியும், டின் மீன் குழம்பும் நம் வீடுகளில் புதியவை அல்ல. அம்மாவின் தட்டில் குழம்பின் சாற்றை மட்டும் ஊற்றாமல் மீனையும் பருப்பையும் அள்ளி வையுங்கள்.

கேள்வி: என் எடை 61 கிலோ, ஒல்லியான உடம்பு. ஆனாலும் 49 வயதில் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். குண்டானவர்களுக்குத்தானே இது வரும்? எனக்கு எடை குறைக்கவும் இடமில்லையே, பயிற்சி எதற்கு?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஒல்லியாகத் தெரிவது வேறு, கொழுப்பு குறைவாக இருப்பது வேறு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய நண்பர்கள் இருவரும் 2004இல் தங்களையே உதாரணமாக்கி ஒரு புகைப்படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்திய வம்சாவளியினரான நம்மில் பலருக்குத் தசை குறைந்தும் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக்குள், மிகுந்தும் இருக்கிறது. எடை காட்டும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைக்கும் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறிதானால் சர்க்கரை வாசலிலேயே தேங்கும். கதவைத் திறக்க வழக்கமாக இன்சுலின் வேண்டும். ஆனால் தசை வேலை செய்துகொண்டிருக்கும்போது, இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளே கொண்டுசெல்லும் வழி திறக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உங்களைப் போன்றவருக்கு இது பெரிய உதவி. பயிற்சிக்குப் பிறகு ஒன்று, இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு இணக்கமாக இருக்கும். அதற்கு மேல் அந்தப் பலன் கரைந்துவிடும் என்பதால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்கிறோம். நீங்கள் எடை குறைக்கப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை, களஞ்சியத்தைப் பெரிதாக்கச் செய்ய வேண்டும். இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் என்றால் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். இனிப்பு ஏதாவது சட்டைப்பையில் இருக்கட்டும். கண்ணின் விழித்திரை சர்க்கரையால் பாதிக்கப்பட்டிருந்தால், கண் மருத்துவரைக் கேட்காமல் மூச்சடக்கிக் கனமான எடை தூக்கக் கூடாது. உங்கள் தம்பி தங்கைகளுக்கும் ஒரு செய்தி: சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடல் உழைப்பையும் சீராக்கியவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது.

கேள்வி: எனக்கு 17 வயது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டி தடுக்கிறார். உண்மையா?
– மாணவர், லெனேசியா

பதில்: உண்மையில்லை, தம்பி. முறையாகச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். யாரால் அதிகம் தூக்க முடியும் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டாதே. விலை உயர்ந்த புரத மாவு டப்பாக்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாட்டியிடம் முட்டையும் பயறும் சமைத்துத் தரச் சொல், சமாதானமும் ஆகிவிடும்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். வயது 52. முழங்கால் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள். படி ஏறினாலே இன்னும் தேயும் என்று பயந்து இரண்டு ஆண்டுகளாகக் காலுக்கு வேலையே கொடுக்கவில்லை. என்னால் முடியுமா?
– வாசகி, வெருலம்

பதில்: முதலில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பற்றி. வண்டிச் சக்கரம் ஓட ஓடத் தேய்வதைப் போல மூட்டும் தேய்கிறது என்ற எண்ணத்தை அந்தச் சொல் உண்டாக்கிவிடுகிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. கால் ஊன்றும்போது பிழியப்பட்டு, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போல அது மூட்டு நீரிலிருந்து ஊட்டத்தைப் பெறுகிறது. அசையாத மூட்டுக்கு ஊட்டம் குறையும். அதோடு தொடைத் தசை மெலிந்தால் உடல் எடையின் அதிர்ச்சி முழுவதும் மூட்டிலேயே போய் விழும். உங்கள் இரண்டு ஆண்டு ஓய்வு முழங்காலைக் காப்பாற்றவில்லை என்றே அஞ்சுகிறேன். பயிற்சியின்போது தாங்கக்கூடிய சிறு வலி வரலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் அளவு சரி. வீக்கம் வந்தாலோ வலி நீடித்தாலோ அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும்.

முடியும், ஆனால் பத்து நாள் விரதத்தோடு ஆயத்தமும் தொடங்கினால் போதாது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் மாதம் நாற்காலிப் பயிற்சி, தாழ்ந்த படி ஒன்றில் ஏறி இறங்குதல், குதிகால் உயர்த்துதல். இரண்டாம் மாதம் முதுகுப்பையில் இரண்டு கிலோ வைத்து நடந்து, வாரத்துக்கு அரை கிலோவாகக் கூட்டி, உங்கள் காவடியின் எடைக்குக் கொண்டு வாருங்கள். காவடியையே தோளில் வைத்து வீட்டு முற்றத்தில் சில முறை நடந்து பார்ப்பது இன்னும் நல்லது. விரத நாட்களில் பயறும் பருப்பும் தயிரும் குறையக் கூடாது. டர்பனில் தைப்பூசம் கோடையின் உச்சத்தில் வருகிறது. புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. தண்ணீர் குடிக்காமல் நடப்பது எந்த விரத விதியிலும் கட்டாயம் என்று நான் படித்ததில்லை. தார்ச்சாலை கொதிக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு அதில் நடக்கவே கூடாது. கொப்புளம் வந்தது அவர்களுக்குத் தெரியாது, பல நாள் ஆறாத புண்ணாகிய பிறகே தெரியும். அப்படிப்பட்டவர்கள் கோயிலுக்குள் மட்டும் சுற்றி வேண்டுதலை நிறைவேற்ற முடியுமா என்று குருக்களைக் கேட்கலாம். நான் கேட்ட குருக்கள் எவரும் மறுத்ததில்லை.

கேள்வி: காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கலந்துகொள்ளப் பழகுகிறேன். வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடுபவனுக்குக் கால் வலுப் பயிற்சி தனியாக வேண்டுமா?
– வாசகர், பைன்டவுன்

பதில்: வேண்டும், அதுவும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில் கட்டாயம் வேண்டும். 1921இல் தொடங்கிய அந்த ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டத்தில், ஏறும் ஆண்டைவிட இறங்கும் ஆண்டு எளிது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூச்சுக்கு எளிதுதான். ஆனால் இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்களை அதிகம் உண்டாக்குவது இந்த வகை வேலையே. ஓட்டம் முடிந்த மறுநாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊரிலேயே ஃபீல்ட்ஸ் ஹில் சரிவு இருக்கிறது. அதில் குறைந்த தூரம் இறங்கிப் பழகி, வாரத்தில் இரண்டு நாள் மெதுவாக உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால், தசை அந்த அடியைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: இருட்டுவதற்குள் வேலையிலிருந்து வீடு திரும்ப முடிவதில்லை. இருட்டிய பிறகு எங்கள் தெருவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது. ஜிம்முக்குப் பணமில்லை. வீடும் சிறியது. நான் என்ன செய்வது?
– வாசகி, மெரபேங்க்

பதில்: உங்கள் பயத்தைத் தள்ளிவிட்டு வெளியே போகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வலுப் பயிற்சிக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியில் நீர் நிறைத்தால் இரண்டு கிலோ, ஐந்து லிட்டர் கேனில் ஐந்து கிலோ. கேனைத் தரையிலிருந்து முதுகு நேராக, இடுப்பையும் முழங்காலையும் மடக்கித் தூக்குங்கள், பத்து முறை. சுவரில் கைகளை ஊன்றி மார்பை அதன் அருகே கொண்டுபோய்த் தள்ளுங்கள். அது எளிதானால் மேசை விளிம்புக்கும், பிறகு தரைக்கும் இறங்குங்கள். துணிப்பையில் புட்டியை வைத்து, மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையால் இடுப்பு வரை இழுங்கள். நாற்காலிப் பயிற்சியை முதல் பதிலில் சொல்லிவிட்டேன். நான்கும் சேர்ந்து இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடுங்கள். மற்ற நாட்களில் இடத்திலேயே நின்று முழங்காலை உயர்த்தி நடக்கலாம். ஞாயிறு காலை பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கடற்கரை நடைபாதைக்குப் போகலாம். மின்வெட்டு வந்தாலும் இந்தப் பயிற்சிகள் நிற்காது. நாற்காலி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் விளக்கு அணைவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.